தலையால் முட்டினால் என்ன நடக்கிறது: சூப்பர் மரியோ பிரதர்ஸ் பிளாக்குகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1985 செப்டம்பர் 13 அன்று ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் தன் ஃபேமிகாம் என்ற வீட்டு விளையாட்டுக் கருவிக்காக வெளியிட்ட சூப்பர் மரியோ பிரதர்ஸ் விளையாட்டை ஆடிய எவருக்கும், அந்தரத்தில் மிதக்கும் கேள்விக்குறிப் பிளாக்கை முதன்முதலாகத் தலையால் முட்டிய கணம் நினைவிருக்கும். ஷிகேரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் வடிவமைத்த இந்த விளையாட்டு, 1990களில் நம் வீடுகளுக்கு வந்த நகல் கருவிகளின் பல விளையாட்டுகள் அடங்கிய ‘கேசட்’டுகளிலும் இடம்பெற்றிருந்தது. அதனால் இதன் முதல் கட்டத்தை மனப்பாடமாக ஆடக்கூடியவர்கள் தமிழ் வாசகர்களிலும் ஏராளம். ஆனால் அந்தப் பிளாக்குகள் உள்ளே எப்படி இயங்குகின்றன என்பதை அறிந்தவர்கள் குறைவு.

இந்த வழிகாட்டி முழுவதையும் இணைக்கும் செய்தி ஒன்றுதான். திரையில் தெரியும் பிளாக் பெரும்பாலான நேரம் ஒரு பொருளே அல்ல. அது ஓர் அட்டவணையில் எழுதப்பட்ட எண். மரியோ அதை முட்டியதும் கால் நொடிக்கும் குறைவான நேரத்துக்கு மட்டும் அது நகரும் பொருளாக மாறி, பிறகு மீண்டும் எண்ணாகிவிடுகிறது. எதிரி சாவதும், நாணயம் எகிறுவதும், காளான் திசை மாறித் துள்ளுவதும் அந்தச் சிறு இடைவெளியில்தான் நடக்கின்றன. கீழே தரப்படும் கால அளவுகள் நொடிக்கு ஏறத்தாழ 60 பிரேம்கள் (அடுத்தடுத்து வரையப்படும் திரைப் படங்கள்) ஓடும் மூலப் பதிப்புக்கு உரியவை.

முதற்படி: பிளாக்கை எண்ணாகப் பாருங்கள்

1-1 கட்டத்தை, அதாவது முதல் உலகின் முதல் கட்டத்தைத் தொடங்கி, முதல் கேள்விக்குறிப் பிளாக்கின் முன் சற்று நில்லுங்கள். அது மின்னுகிறது. திரையில் வேறு கேள்விக்குறிப் பிளாக்குகளும் தெரிந்தால், அவை எல்லாம் ஒரே தாளத்தில் மின்னுவதைக் காணலாம். படங்கள் மாற்றி மாற்றி வரையப்படுவதால் இந்த மினுக்கம் உண்டாகவில்லை. கேள்விக்குறிப் பிளாக்குகளும் மிதக்கும் நாணயங்களும் பயன்படுத்தும் வண்ணத் தட்டில் ஒரே ஒரு நிறத்தை மட்டும் விளையாட்டு 8 பிரேம்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறது. அந்த நிறம் மூன்று முறை வெளிச்சமாக இருந்து, பிறகு மங்கி, மேலும் மங்கி, மீண்டும் சற்றுத் தெளிகிறது. ஆக ஆறு நிலைகள் கொண்ட ஒரு சுற்று 48 பிரேம்களில் முடிகிறது. ஒரே ஓர் எண்ணை மாற்றுவதன் மூலம் திரை முழுவதையும் உயிருள்ளதாகக் காட்டும் இந்தச் சிக்கனம் என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

சிக்கனத்துக்குக் காரணம் இருந்தது. கருவியின் வேலை நினைவகம் மொத்தமே 2 கிலோபைட். அதற்குள் பிளாக்குகளுக்காக ஒதுக்கப்பட்டது 416 பைட். ஒரு திரையின் அகலத்தில் 16 பிளாக்குகளும், மதிப்பெண் பட்டைக்குக் கீழே உயரத்தில் 13 பிளாக்குகளும் அமைகின்றன. ஆகவே ஒரு திரைக்கு 208 பைட், இரண்டு திரைகளுக்கு 416. ஒவ்வொரு பிளாக்கும் 16 பிக்சல் சதுரம். அதற்கு ஒரு பைட். அந்தப் பைட்டில் 0 இருந்தால் அங்கே வெற்றிடம். 192 இருந்தால் நாணயம் வைத்த கேள்விக்குறிப் பிளாக். 193 இருந்தால் காளானோ பூவோ வைத்த கேள்விக்குறிப் பிளாக். 196 இருந்தால் உள்ளிருப்பு தீர்ந்துபோன பிளாக். 192க்கும் 193க்கும் படம் ஒன்றே. வெளியே ஒரே முகமும் உள்ளே வேறு எண்ணும் இருப்பதால்தான், முட்டும் வரை உள்ளே இருப்பது இன்னதென்று ஆடுபவருக்குத் தெரிவதில்லை.

மரியோ வலப்புறம் செல்லச் செல்ல, புதிய நெடுவரிசைகள் இந்த அட்டவணையில் பழையவற்றின் மேலேயே எழுதப்படுகின்றன. இந்த விளையாட்டில் திரை இடப்புறம் திரும்பி நகர்வதில்லை. ஆகவே உடைத்த செங்கல்லையும் காலியான பிளாக்கையும் நெடுநேரம் நினைவில் வைத்திருக்க வேண்டிய தேவையே எழவில்லை. மரியோ இறந்தால் கட்டம், விளையாட்டு பதிந்துள்ள கேட்ரிட்ஜிலிருந்து புதிதாகப் படிக்கப்படுவதால், உடைந்தவை அனைத்தும் பழையபடி முளைத்து நிற்கும்.

இரண்டாம் படி: முட்டு எப்போது முட்டாகக் கணக்கில் வருகிறது

முட்டு நிகழ நான்கு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். ஒவ்வொன்றையும் விளையாடியே சரிபார்க்கலாம்.

மரியோ மேல்நோக்கி நகர்ந்துகொண்டிருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. குதிப்பின் உச்சியைத் தாண்டிக் கீழே இறங்கத் தொடங்கிய பிறகு தலை பிளாக்கைத் தொட்டாலும் எதுவும் நடக்காது. அடுத்து, தலையின் நடுப்புள்ளி எந்தப் பிளாக்குக்குள் இருக்கிறதோ அந்தப் பிளாக் மட்டுமே முட்டப்படும். பாதங்களுக்கு விளையாட்டு இரண்டு புள்ளிகளைச் சோதிக்கிறது. அதனால்தான் மரியோவால் விளிம்பில் ஒற்றைக் காலில் தொற்றி நிற்க முடிகிறது. தலைக்கோ 16 பிக்சல் அகலத்தின் நடுவில் ஒரே ஒரு புள்ளிதான். இரண்டு பிளாக்குகள் சேரும் கோட்டுக்கு நேர்கீழே நின்று குதித்துப் பாருங்கள்: எப்போதும் ஒன்று மட்டுமே துள்ளும், இரண்டும் சேர்ந்து துள்ளா. இது மிக நேர்த்தியான முடிவு என்பது என் கருத்து. தலைக்கும் இரண்டு புள்ளிகள் வைத்திருந்தால், எந்தப் பிளாக்கை முட்டப்போகிறோம் என்பதில் ஆடுபவருக்குத் தெளிவே இருந்திருக்காது.

மூன்றாவது, ஒரு முட்டுக்குப் பின் 16 பிரேம்கள் கழிந்திருக்க வேண்டும். அதற்குள் மீண்டும் தலை எதில் இடித்தாலும் மரியோ கீழே தள்ளப்படுவான், பிளாக் அசையாது. நான்காவதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள்: நீருக்கடியில் நடக்கும் கட்டங்களில் முட்டும் வசதியே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. 2-2 கட்டத்தில் நீந்தியபடி தலையை எதில் இடித்தாலும் மரியோ மெல்லக் கீழே இறங்குவதோடு சரி.

மூன்றாம் படி: அந்தக் கால் நொடியைப் பிரித்துப் பாருங்கள்

1-1 கட்டத்தில் ஒரு வெறும் செங்கல்லைச் சிறிய மரியோவாக (காளானை எடுத்துப் பெரிதாகாத நிலையில்) முட்டி, அது மேலெழும்பிய கணத்தில் ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள். சில முயற்சிகளுக்குப் பிறகு, செங்கல் தன் இடத்தைவிட ஓரிரு பிக்சல் உயர்ந்து உறைந்து நிற்பதைக் காண்பீர்கள். அது பின்னணியின் பகுதியாக இருந்தால் அப்படி நிற்க முடியாது. இந்தக் கருவியின் பின்னணி 8 பிக்சல் கட்டங்களாக ஒட்டப்பட்ட ஓட்டுத் தரை போன்றது. ஒரே ஓட்டை மட்டும் ஒரு பிக்சல் தூக்க வழியில்லை. தனித்து நகரக்கூடியவை ஸ்ப்ரைட்டுகள் எனப்படும் சிறு படங்கள் மட்டுமே.

ஆகவே முட்டு ஏற்கப்பட்டதும் விளையாட்டு இப்படிச் செயல்படுகிறது. பின்னணியில் அந்தப் பிளாக்கின் படம் அழிக்கப்பட்டு, அதே இடத்தில் அதே தோற்றத்தில் ஸ்ப்ரைட்டுகளாலான ஒரு பிளாக் வைக்கப்படுகிறது. அதற்கு, பிரேமுக்கு 2 பிக்சல் என்ற மேல்நோக்கிய வேகமும் ஒரு சிறிய ஈர்ப்பு விசையும் தரப்படுகின்றன. அது ஏறத்தாழ ஆறு பிக்சல் எழும்பி, சுமார் 13 பிரேம்களில் திரும்பி வருகிறது. வந்து அமர்ந்ததும் ஸ்ப்ரைட் நீக்கப்பட்டு, பின்னணியில் உரிய படம் மீண்டும் எழுதப்படுகிறது: வெறும் செங்கல் என்றால் அதே செங்கல், கேள்விக்குறிப் பிளாக் என்றால் தீர்ந்த பிளாக். இவ்வாறு துள்ளும் பிளாக்குகளுக்கு இரண்டு இடங்கள் மட்டுமே ஒதுக்கப்பட்டிருக்கின்றன; அவை மாறி மாறிப் பயன்படுகின்றன. மேலே சொன்ன 16 பிரேம் இடைவெளி இருப்பதால் அந்த இரண்டே போதுமானவை.

இனி, படத்தில் தெரியாத பகுதி. பிளாக் துள்ளிக்கொண்டிருக்கும்போது அட்டவணையில் அதன் இடத்தில் வெற்றிடத்தைக் குறிக்கும் 0 எழுதப்படுவதில்லை. 35 என்ற தனி எண் எழுதப்படுகிறது. ‘இந்த இடம் இப்போதுதான் கீழிருந்து முட்டப்பட்டது’ என்பதே அதன் பொருள். பிளாக்கின் மேல் நடக்கும் கூம்பா என்ற எதிரி, ஒவ்வொரு பிரேமிலும் தன் காலடியில் உள்ள எண்ணைப் படித்து, அங்கே தரை இருக்கிறதா என்று பார்க்கிறது. அப்படிப் படிக்கும்போது 35 கிடைத்தால், தான் நின்ற தரை அடிக்கப்பட்டுவிட்டது என்று அதற்குத் தெரிந்துவிடும். கூம்பா தலைகீழாகக் கவிழ்ந்து விழும், உங்களுக்கு 100 புள்ளிகள் சேரும். கூப்பா ஆமை என்றால் ஓடு கவிழ்ந்து எகிறும். உடனே அந்த 35 அழிக்கப்படுகிறது. ஒரே முட்டு மறுமுறையும் வேலை செய்துவிடக் கூடாது என்பதற்காக.

எதிரியைக் கொல்லும் பொறுப்பு பிளாக்கிடம் ஒப்படைக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். பிளாக் ஒரு குறியை மட்டும் விட்டுச் செல்கிறது. எதிரிதான் அதைப் படித்துத் தன் முடிவை அடைகிறது. சொந்தமாக ஒரு விளையாட்டை எழுத முனைவோர் இங்கிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய உண்டு. மேலே யார் நிற்கிறார்கள் என்று பிளாக் ஒவ்வொருவரையும் தேடினால் அதற்கெனத் தனி நிரல் தேவைப்படும். எதிரிகள் எப்படியும் தரையைப் படிக்கின்றன. அந்தப் படிப்புக்குள்ளேயே இதையும் சேர்த்துவிட்டால் வேலை பாதியாகிறது.

இதைச் சோதிக்க 1-1 கட்டத்தின் முதல் பள்ளத்தைத் தாண்டிய இடம் ஏற்றது. அங்கே இரண்டு உயரங்களில் செங்கல் வரிசைகள் உள்ளன. மேல் வரிசையிலிருந்து இரண்டு கூம்பாக்கள் இடப்புறமாக இறங்கி வரும். அவை கீழ் வரிசையில் நடக்கும்போது கீழிருந்து முட்டுங்கள். எதிரிக்கும் காலடியில் ஒரே ஒரு நடுப்புள்ளிதான் சோதிக்கப்படுவதால், கூம்பாவின் உடலில் பாதி அடுத்த பிளாக்கின் மேல் இருந்தாலும், அதன் நடுப்பகுதி எந்தப் பிளாக்கின் மேல் இருக்கிறதோ அதை முட்டினால்தான் பலன் கிடைக்கும்.

காளானுக்கும் இதே விதிதான். பிளாக்கின் மேல் ஊர்ந்து செல்லும் காளானின் காலடியை முட்டினால் அது சாவதில்லை. ஒரு துள்ளு துள்ளி, மரியோ நிற்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக ஓடும். ஆகவே காளான் பள்ளத்தை நோக்கிப் போகிறது என்றால், பள்ளம் இருக்கும் பக்கத்திலிருந்து முட்டி அதைத் திருப்பிவிடலாம். பிளாக்கின் மேல் ஒரு நாணயம் அமர்ந்திருந்தால், முட்டியதும் அது எகிறி மரியோவின் கணக்கில் சேர்ந்துவிடும்.

நான்காம் படி: செங்கல் உடைவதும் உடையாததும்

சிறிய மரியோ முட்டினால் வெறும் செங்கல் துள்ளும். பெரிய மரியோ முட்டினால் நான்கு துண்டுகளாகச் சிதறி 50 புள்ளிகள் தரும். இரண்டிலும் மரியோவின் உடல் உணரும் விதம் வேறு. துள்ளும் பிளாக்கில் இடித்தால் அவனுடைய மேல்நோக்கிய வேகம் உடனே 0 ஆகிறது. உடையும் செங்கல்லில் இடித்தாலோ, பிரேமுக்கு 2 பிக்சல் வேகத்தில் மேலும் சற்று எழும்புகிறான். செங்கல்லைத் துளைத்துக்கொண்டு போவது போன்ற அந்த உணர்வு இந்தச் சிறிய வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது.

உள்ளே ஏதேனும் வைத்திருக்கும் செங்கல்லைப் பெரிய மரியோவாலும் உடைக்க முடியாது. இதை ஒரு சோதனைக் கருவியாகவே பயன்படுத்தலாம்: பெரிய உருவத்தில் முட்டியும் ஒரு செங்கல் சிதறாமல் துள்ளினால், அதனுள் நாணயமோ, காளானோ, பூவோ, நட்சத்திரமோ, கூடுதல் உயிர் தரும் 1-அப் காளானோ, மேலே ஏறிச்செல்லும் கொடியோ இருந்தது என்று பொருள்.

ஐந்தாம் படி: உள்ளிருப்பு எப்போது முடிவாகிறது

193 என்ற எண் காளான் என்றோ தீப்பூ என்றோ சொல்வதில்லை. ஏதோ ஒரு சக்திப்பொருள் என்று மட்டுமே சொல்கிறது. மரியோ முட்டும் கணத்தில் சிறியவனாக இருந்தால் காளானும், பெரியவனாக இருந்தால் தீப்பூவும் வெளிவரும். பொருள் முட்டிய கணத்திலேயே உறுதியாகிவிடுவதால், பெரிய மரியோவாக முட்டிப் பூவை வரவழைத்து, அதை எடுப்பதற்குள் அடிபட்டுச் சிறியவனாகிவிட்டால் பூ காளானாக மாறாது. அந்தப் பூவை எடுத்தாலும் மரியோ பெரியவன் மட்டுமே ஆவான், நெருப்பு கிடைக்காது.

வெளிவரும் பொருள் 4 பிரேம்களுக்கு ஒரு பிக்சல் வீதம் உயர்ந்து, முழு 16 பிக்சலையும் கடக்க ஏறத்தாழ ஒரு நொடி எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் அதன் ஸ்ப்ரைட் பின்னணிக்குப் பின்னால் வரையப்படுவதால், பிளாக்குக்குள்ளிருந்து முளைப்பதாகத் தோன்றுகிறது. சக்திப்பொருளுக்கு நினைவகத்தில் ஒரே ஓர் இடம்தான் உண்டு. முதல் காளானை எடுக்காமல் இரண்டாவது பிளாக்கை முட்டினால் முதலாவது மறைந்துவிடும். ஒன்றை எடுத்த பின்பே அடுத்ததை முட்டுங்கள்.

1-1 கட்டத்தின் முதல் காளான் வைக்கப்பட்ட இடத்தைப் பற்றி இங்கே சொல்லாமல் கடக்க முடியவில்லை. அது பிளாக்கிலிருந்து வலப்புறம் ஊர்ந்து, தரையில் விழுந்து, பச்சைக் குழாயில் மோதி, மரியோவை நோக்கியே திரும்பி வருகிறது. கூம்பாவைப் பார்த்து அஞ்சிய புதியவர் இதையும் எதிரி என்று நினைத்துத் தாண்டக் குதித்தால், மேலே உள்ள பிளாக்குகளில் தலை இடித்துக் காளானின் மேலேயே விழ வாய்ப்பு அதிகம். ஒரு சொல்கூட எழுதாமல் விளையாட்டு தன் முதல் பாடத்தைக் கற்பிக்கிறது.

ஆறாம் படி: பல நாணயங்கள் வைத்த செங்கல்

1-1 கட்டத்தின் நடுப்பகுதியில், மேலே ஒரு கேள்விக்குறிப் பிளாக்கும் அதற்கு நேர்கீழே தனித்து நிற்கும் ஒரு செங்கல்லும் உள்ளன. அந்தச் செங்கல்லை முட்டினால் நாணயம் வரும். மீண்டும் முட்டினால் மீண்டும் வரும். இதனுள் நாணயங்களின் எண்ணிக்கை எதுவும் எழுதப்படவில்லை. முதல் முட்டில் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது: 11 அலகுகள், அலகுக்கு 21 பிரேம்கள், மொத்தம் 4 நொடிக்குச் சற்றுக் குறைவு. கடிகாரம் ஓடும் வரை ஒவ்வொரு முட்டுக்கும் 200 புள்ளிகளுடன் ஒரு நாணயம். கடிகாரம் நின்றபின் விழும் முட்டு கடைசி நாணயத்தைத் தந்து, பிளாக்கைத் தீர்ந்ததாக மாற்றிவிடும்.

ஆகவே செய்ய வேண்டியது இது: முதல் முட்டுக்கு முன் அவசரப்படாமல், அருகில் உள்ள எதிரிகளை அகற்றிவிட்டு, செங்கல்லின் நடுவுக்கு நேர்கீழே நில்லுங்கள். தொடங்கியபின் பட்டனை நீண்ட நேரம் அழுத்திப் பிடிக்காமல், தரை தொட்டதும் மீண்டும் அழுத்துங்கள். இதற்குச் சற்று வலப்புறத்தில் உள்ள செங்கல் ஜோடியில் வலது செங்கல்லுக்குள் நட்சத்திரம் இருக்கிறது.

ஏழாம் படி: மறைந்த பிளாக்குகள்

மறைந்த பிளாக்குகளுக்கும் அட்டவணையில் எண் உண்டு: நாணயம் வைத்ததற்கு 95, 1-அப் வைத்ததற்கு 96. படம் மட்டும்தான் இல்லை. பாதங்களும் பக்கங்களும் சோதிக்கப்படும்போது இந்த இரண்டு எண்களும் வெற்றிடமாகவே கருதப்படுகின்றன. தலை சோதிக்கப்படும்போது மட்டும் அவை பிளாக்காகின்றன. அதனால் மேலிருந்து விழுந்தாலும் குறுக்காகப் பறந்தாலும் மரியோ அவற்றினூடே கடந்துவிடுவான். கீழிருந்து முட்டியபின் தீர்ந்த பிளாக்காக மாறி, அவன் நிற்கக்கூடிய திடப்பொருளாகிறது.

4-2 கட்டத்தில் இந்த மாற்றமே வழியாகப் பயன்படுகிறது. அங்கே மறைந்த நாணயப் பிளாக்குகளை முட்டி வெளிக்கொணர்ந்து, அவற்றைப் படிக்கட்டாக்கி மேலே ஏறினால், ஒரு செங்கல்லிலிருந்து கொடி முளைக்கும். அதில் ஏறினால் 6, 7, 8 ஆம் உலகங்களுக்குச் செல்லும் குழாய்கள் காத்திருக்கின்றன.

மறைந்த 1-அப் பிளாக்குக்கு இன்னும் ஒரு பூட்டு உண்டு. 1-1 கட்டத்தில் நான்காவது குழாய்க்கும் முதல் பள்ளத்துக்கும் இடையே அது இருக்கிறது. ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்குபவருக்கு அது கட்டாயம் கிடைக்கும். அடுத்த உலகங்களில் அப்படியில்லை. ஒவ்வோர் உலகத்தின் மூன்றாம் கட்டத்திலும் நீங்கள் எடுக்கும் நாணயங்களை விளையாட்டு தனியாக எண்ணி, அடுத்த உலகின் முதல் கட்டத்தில் அந்தப் பிளாக்கை வைக்கலாமா என்று முடிவு செய்கிறது. 1-3 கட்டத்தில் 21 நாணயங்களும், 2-3 கட்டத்தில் 35 நாணயங்களும் தேவை. நாணயம் குறைந்தால், 2-1 கட்டத்திலோ 3-1 கட்டத்திலோ சரியான இடத்தில் நின்று எத்தனை முறை குதித்தாலும் தலை எதிலும் இடிக்காது. அட்டவணையில் அந்த எண்ணே எழுதப்பட்டிருக்காது. குழாய் வழியாக உலகம் தாண்டி வருபவர்களுக்கு இந்த நிபந்தனை தளர்த்தப்படுகிறது.

அனுமதியைக் குறிக்கும் அடையாளம், பிளாக்கை நீங்கள் முட்டும்போது அழிவதில்லை. அந்த நெடுவரிசை அட்டவணையில் எழுதப்படும்போதே அழிந்துவிடுகிறது. எனவே 2-1 கட்டத்தில் அந்த இடம் வரை வந்து, முட்டாமலேயே உயிரை இழந்தால், மீண்டும் தொடங்கும்போது பிளாக் அங்கே இருக்காது. 1-3 கட்டத்தில் சிரமப்பட்டுச் சேர்த்த 21 நாணயங்களின் பயன் அதோடு போய்விடும். 1-அப் உள்ள இடம் திரையில் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, எதிரிகளைத் தீர்த்துவிட்டு, அதை முட்டி எடுத்துக்கொண்ட பிறகே முன்னேறுங்கள்.